இடம் மாறிய மூடிகள்

மால்வர்ன்,
11 மே 1978

அன்புள்ள ரோலண்டுக்கு,

அண்ணி ஈனிட் எழுதுகிறேன். பெர்த்தில் நீயும் ஜாய்ஸும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? இங்கே சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் அண்ணன் அந்தப் பச்சைக் காரை விற்கப் போகிறார். 27ஆம் தேதி, சனிக்கிழமை, லெஸ்டரிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப் போகிறார். கார் போனால் போய்த் தொலையட்டும். ஆனால் மறு திங்கட்கிழமை, முதியோர் இல்லத்தில் சேரும் படிவத்தில் கையெழுத்துப் போடுவாராம். ஐம்பத்தெட்டு வயதில்! "மூளை கெட்டவனைக் கட்டிக்கிட்டு நீ எதுக்கு மாரடிக்கணும்?" என்கிறார்.

பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. கால் தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது. தன் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் தேறவில்லை. காரைத்தான் தனக்குப் பரீட்சையாக வைத்துக்கொண்டார். "ரெண்டு கார்புரேட்டரையும் ஒரே மாதிரி மூச்சு விட வெச்சுட்டேன்னா நான் பழைய கிளிஃபர்டுதான்" என்று சொல்லி மார்ச் மாதம் இரண்டையும் கழற்றிச் சமையலறை மேஜைக்குக் கொண்டுவந்தார்.

துடைத்து, மாட்டி, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை கார்புரேட்டர் வாயிலும் வைத்து நாளெல்லாம் கேட்டார். நின்ற இடத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இரைகின்றன. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போதும், இருமல், கறுப்புப் புகை. முன் பக்க இரண்டு பிளக்கில் கரி, பின் பக்கம் வெளேரென்று இருக்கிறது. பெட்ரோல் அளவைக் கூட்டினார், குறைத்தார். பாயிண்ட் மாற்றினார், பிளக் மாற்றினார். ஆறு வாரம், ரோலண்ட்! கடைசியில் குழாயை வீசி எறிந்துவிட்டு கராஜ் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். உன் அண்ணன் அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை.

இப்போது என் பாவத்தைக் கேள். அவர் முன் கார்புரேட்டரின் சாமான்களைச் செய்தித்தாளின் முதல் பக்கத்திலும், பின்னதைக் கடைசிப் பக்கத்திலும் பரப்பி வைப்பார். உனக்குத் தெரியாததா? மார்ச்சில் அப்படிப் பரப்பிய அன்றைக்குப் பார்த்துத் தேவாலயத்துப் பெண்கள் தேநீருக்கு வந்துவிட்டார்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரு தட்டில் அள்ளி வைத்து, அவர்கள் போன பிறகு திரும்பப் பரப்பினேன். கார்புரேட்டர் மூடிகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன; எது முன்னது, எது பின்னது என்று பார்க்காமலே வைத்துவிட்டேன். சென்ற வாரம் அவருடைய கையேட்டைப் புரட்டினால், ஒவ்வொரு மூடியும் அதற்குள்ளே ஏறி இறங்கும் சின்ன பிஸ்டனும் பிரிக்கக் கூடாத ஜோடி, மாற்றிப் போடவே கூடாது என்று கறுப்பு எழுத்தில் போட்டிருக்கிறது.

ஓடிப்போய்ச் சொன்னேன். நம்பவில்லை! என் கையைத் தட்டிக்கொடுத்து, "கெட்டில் கருகினப்பவும் நீதான் மறந்தேன்னு சொன்ன. தண்ணிக் குழாயைத் திறந்து விட்டதும் நீதான்னு சொன்ன. போதும் ஈனிட்" என்றார். அவை இரண்டும் அவர் செய்தவை. அவர் மனம் நோகக் கூடாதென்று நான் பழியை ஏற்றுக்கொண்டேன். இப்போது நிஜத்தைச் சொன்னால் எடுபடவில்லை. ஒரு தடவை மாற்றித்தான் பாருங்களேன் என்று கெஞ்சினேன். "அதுவும் சரியா வரலேன்னா அப்புறம் எனக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டுவிட்டு கராஜைப் பூட்டிவிட்டார். சாவி அவர் கோட்டுப் பையில். நான் திருடிக்கொண்டு போய் மாற்றினால் என்ன பிரயோஜனம்? அவர் கையாலேயே நடக்க வேண்டும்.

அதனால்தான் உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, டிரங்க் கால் போடு. நான் எழுதினதாக மூச்சு விடாதே. கார் எப்படி ஓடுகிறது என்று நீயாகவே விசாரி. அவர் புலம்பியதும், சின்ன வயதில் வம்பு இழுப்பாயே, அந்தக் குரலிலேயே, "என்னண்ணா, மூடியை மாத்திப் போட்டுட்டு முழிக்கிறியா?" என்று சீண்டு. உன்னிடம் தோற்பது அவருக்கு ஆகாது. நீ சொன்னது தப்பென்று காட்டுவதற்காவது பூட்டைத் திறப்பார்.

கார் சரியாகிவிட்டால், மாற்றி வைத்தது நிஜமாகவே நான்தான் என்று புரிந்துகொள்வார். புரியட்டும். அவர் என்னைத் திட்டி ஒரு வருஷம் ஆகிறது. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, விருந்தாளி மாதிரி நடமாடுகிறார். வாய் நிறைய ஒரு தடவை என்னைத் திட்டட்டும், ரோலண்ட். கட்டாயம் கூப்பிடு.

கர்த்தர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

உன் அண்ணி,
ஈனிட்