கிரகணத்தின் மேல் பழி

12 நவம்பர் 1980, புதன்

அக்காவின் ஐந்து மாதக் குழந்தைக்கு முதுகெல்லாம் காபி நிற மச்சங்கள். கர்ப்பத்தில், கிரகணத்தன்று அக்கா உடம்பைத் தொட்டதால் வந்தது என்கிறார் அவள் மாமியார்.

இன்று திருச்சி டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்தார். மொத்தம் ஏழு.

"கிரகணமெல்லாம் இல்லம்மா. இத்தனை இருந்தா பின்னால நரம்புல கட்டி வரலாம், கவனிக்கணும். பரம்பரையாவும் வரும். உங்க வீட்ல யாருக்காவது உடம்புல கட்டி இருக்கா?"

அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது. புளியங்கொட்டை அளவில் மெத்தென்ற கட்டிகள். சின்ன வயதில் நாங்கள் இருவரும் அவற்றை அழுத்தி விளையாடுவோம்.

"யாருக்கும் இல்லீங்க" என்றாள் அக்கா.

காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது, "ஏன்க்கா பொய் சொன்ன?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை உன்னைப் பொண்ணு பாக்க வராங்கடி. பழி கிரகணத்து மேலயே இருக்கட்டும்."

வந்து குளிக்கும்போது, தோளுக்குக் கீழே என் கை நின்றது. மெத்தென்று ஒன்று. அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் திரும்பி வருகிறது.

இதை எழுதும்போதும் இடது கை அங்கேதான் இருக்கிறது. குழந்தைக்காக நாளை நானே டாக்டரிடம் போய் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடலாம். சொன்னால், அவர் ஸ்கேலை என் பக்கம் திருப்புவார்.