சகலைக்கு விட்ட இடம்

மே 11, ஞாயிறு. தி.வனம்.

கத்திரி வெயில். என் அச்சாபீஸ் தகரக் கூரைக்குக் கீழே ஈய எழுத்துகள் தொட்டால் சுடுகின்றன. நாளை விடியற்காலை புறப்பாடு. ஏற்காடு, கொடைக்கானல், பேரிஜம். இரண்டு மலை, மூன்று ஏரி, ஒரு சகலை.

எடுத்து வைத்தவை: ஸ்வெட்டர் 2 (பூச்சி அரித்தது எனக்கு). பம்ப் ஸ்டவ். புளிசாதம். வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு படி. அட்டைக்கு உப்பு, புகையிலை. வாந்தி மாத்திரை. இந்த டைரி (உரக்கடை இனாம்). பெட்டியின் அடியில், சலவை வேட்டிக்குள், ஓர் உறை. அதுதான் முக்கியம்.

உறைக்குள் என் மகள் வசந்தியின் கல்யாணப் பத்திரிகை. ஆனியில் முகூர்த்தம். முதல் பிரதி பெருமுக்கல் மலைமேல் சாமிக்கு வைத்தாயிற்று. சாமி படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது மூத்தவர்களுக்கு. அதாவது என் மனைவி சரோவின் அக்கா காமாட்சிக்கும் அவள் புருஷன் தணிகாசலத்துக்கும். வி.புரத்தில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடச் சாரணர் படைக்கும் அவன்தான் தலை. என்னைவிட இரண்டு வயது பெரியவன். நேரில் 'வாங்க சகல', இங்கே 'அவன்'. டைரி வேறு எதற்கு?

பத்திரிகையில் அவன் பெயர் இல்லை. விட்டுப்போகவில்லை. விட்டேன். அறுநூறு பிரதியிலும்.

போன வருஷம் தையில் அவன் மகள் கல்யாணம். பத்திரிகை அடிக்க என்னிடம்தான் கொடுத்தான். அவன் கையெழுத்தில், 'நல்வரவை விரும்பும்' என்று பட்டியல். அக்கா புருஷன், பெரியப்பா மகன், காணை சித்தப்பா, ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர் வரைக்கும். என் பெயர் இல்லை. கணக்கு வாத்தியாருக்குக் கோடு நேராக வராதுபோல, நடுவில் விரல் அகலம் வெள்ளையாக விட்டு, மிச்சப் பெயர்களைக் கீழே எழுதியிருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பிச்சை. அந்த வெள்ளையை இழுத்து மூடி, நான் இல்லாத பத்திரிகையை என் விரலாலேயே எழுத்து எழுத்தாகக் கோத்தேன். அடிமூலையில் எறும்பு சைசில் அச்சகத்தின் பெயர் மட்டும். கல்யாணத்தில் கடைசிப் பந்தி. அப்பளத்தைச் சத்தம் வராமல் தின்றேன். பதினாறு மாதம் ஆகிறது.

பத்திரிகையில் பெயர் இல்லாத சம்பந்தக்காரன் முகூர்த்தத்துக்கு வரமாட்டான், எங்கள் பக்கத்துச் சட்டம். நான் போனது சரோவுக்காக. அவன் ரோஷக்காரன், வரமாட்டான். அவன் வராவிட்டால் காமாட்சி அக்காவும் வரமாட்டாள். அக்கா தங்கச்சி பேச்சு நிற்கும். தெரிந்துதான் செய்கிறேன். சரோவுக்குப் புரூஃப் காட்டவில்லை. உறையைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

திட்டம்: வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன், பேரிஜம் ஏரிக்கரையில், தாம்பூலத் தட்டோடு கொடுப்பது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தன் பெயரைத் தேடுவான். காட்டில் பஸ் கிடையாது. வி.புரம் வரைக்கும் என்னோடு ஒரே வேனில்தான் வந்தாகவேண்டும். என் துணுக்குகளைத் திருப்பி அனுப்புகிற பத்திரிகை ஆசிரியர்கள் இந்தத் திட்டத்தைப் படித்தால் கைகொடுப்பார்கள்.

மே 12, திங்கள். ஏற்காடு.

வேன் ஓட்டுவது ஏழுமலை. வானூர்க்காரன். பேச்சு அதிகம், ஹார்ன் அதைவிட அதிகம். வசந்தி வரவில்லை. கல்யாணப் பெண் வெயிலில் கறுத்துவிடுவாளாம், அத்தை வீட்டில் விட்டாயிற்று.

வி.புரத்தில் சகலை வாசலிலேயே நின்றான். காக்கி அரை டிராயர். கழுத்தில் விசில். காலடியில் பள்ளிக்கூடத்து டெண்ட் மூட்டை இரண்டு.

"இன்னாய்யா, அஞ்சு மணின்னா அஞ்சேகாலா? உன் ஜோக்கு மாதிரியே லேட்டா வர்றியே!"

ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். குறித்துக்கொண்டேன். ஏழுமலையையும்.

கள்ளக்குறிச்சி தாண்டிப் புளியமரத்தடியில் புளிசாதம். காமாட்சி அக்கா தன் பங்கு முட்டையைச் சரோ இலையில் தள்ளினாள். சரோ பாதியைத் திருப்பித் தள்ளினாள். இருவருக்கும் நாற்பது தாண்டியாயிற்று. பார்க்காத மாதிரி இருந்தேன்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. எனக்கு மட்டும் வாந்தி. மாத்திரைதான் முதலில் வெளியே வந்தது.

சகலையின் பழைய மாணவன் ஒருவனின் காப்பித் தோட்டத்து ஓரத்தில் முகாம். கீழே ஏரி. முளையடிப்பது பற்றி முக்கால் மணி நேர வகுப்பு. பிறகு அவனே ஒதுக்கீடு செய்தான். "காக்கி டெண்ட்டு எங்களுக்கு. பச்ச டெண்ட்டு உனக்கு. எழுத்தாளருக்கு ஏரி தெரியணும் இல்ல?"

அக்கறையாக்கும்.

மே 13, செவ்வாய். ஏற்காடு.

ஐந்தரைக்கு விசில். "எழுந்திரு, எழுந்திரு, ஜல்தி!" கைகளை விரித்து முப்பது தடவை குதிக்கவேண்டுமாம். குதித்தேன். லுங்கி ஒத்துழைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் காப்பிச் செடிக்குக் களை எடுக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

படகு. அவன் துடுப்புப் போட, நான் பின்னால் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் காலால் தண்ணீரைத் தள்ளினேன். ஒரே இடத்தில் சுற்றினோம். காரணத்தைக் கரையில் அரைமணி நேரம் விஞ்ஞானபூர்வமாக விளக்கினான். சின்ன வெற்றி.

மத்தியானம் அவன் குறட்டை விடும்போது விசிலுக்குள் உருளுகிற குண்டை ஊசியால் நோண்டி எடுத்தேன். இரண்டாவது வெற்றி.

சாயங்காலம் மழை. நேற்று ஏரி தெரிந்தது, இன்று ஏரியே உள்ளே வந்துவிட்டது. பச்சை டெண்ட்டில் தலைக்கு நேராக ஒன்று, காலுக்கு ஒன்று, ஓட்டை இரண்டு. காக்கி டெண்ட்டில் சொட்டு ஈரம் இல்லை. சகலை எட்டிப் பார்த்து, "அடடா, ஒழுவுதா?" என்றான். அந்த 'அடடா'வில் ஆச்சரியமே இல்லை.

உறை நனையவில்லை. என் ஸ்வெட்டரை அதற்குப் போர்த்தியிருந்தேன்.

மே 14, புதன். கொடைக்கானல்.

விசிலை ஊதினான். பெருமூச்சு மாதிரி வந்தது. உதறிப் பார்த்தான், உறிஞ்சிப் பார்த்தான். பிறகு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு என் காதோரம் வந்தான். விசில் எவ்வளவோ தேவலாம்.

நாள் பூரா வண்டி. நாமக்கல், கரூர், திண்டுக்கல், வத்தலக்குண்டு. வழியெல்லாம் காமாட்சி அக்கா வாயில் வசந்தி கல்யாணம்தான். "பந்திக்கு நான் நிப்பேன்டி சரோ. மாமா மூணு நாள் லீவு சொல்லிட்டாரு." சரோவுக்கு முகமெல்லாம் பல். நான் கரூர் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி மைல்கல் எண்ணினேன்.

கொடையில் பல் கிட்டும் குளிர். சத்திரத்தில் தங்கல்.

மே 15, வியாழன். பேரிஜம்.

வனத்துறைச் சீட்டு வாங்க இரண்டு மணி நேரம். பிறகு காட்டுப் பாதை. பைன் மரங்கள் வரிசையாக, தலைக்குமேல் மூடி, பகலிலேயே விளக்குப் போட்டு ஓட்டினான் ஏழுமலை. திடீரென்று மரம் விலகி ஏரி. அலை இல்லை, சத்தம் இல்லை, குப்பை இல்லை. இவ்வளவு சுத்தமான இடத்தில் பழி வாங்குவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை.

எதிர்க்கரையில் காட்டெருமை நான்கு. சகலை மாதிரியே நின்றன.

மதியம் நடந்ததை எழுதவேண்டும். எப்படி எழுதுவது? நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

தண்ணீர்ச் செம்போடு புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பத்தடி தள்ளி, கரையில், சகலை அரிசி களைய வந்தான். கூட ஏழுமலை. நான் எழுந்து நிற்க முடியாத நிலை.

ஏழுமலை கேட்டான்: "ஏன் சார், அந்த ஓட்ட டெண்ட்ட அவருக்கே குடுக்கறீங்க?"

"இருக்கட்டும். நனையட்டும்."

"இன்னா சார், சொந்த சகலை!"

"சொந்தமா? எம் பொண்ணு கல்யாணப் பத்திரிக்கைல தம்பேரு இருக்கறதே அவுருக்குக் கௌரவக் கொறைச்சலு. எழுத்தாளராச்சே! வெறும் பேரு எழுதிக் குடுத்தா கோச்சிக்குவாரு, பட்டம் போடலாம்னா இன்னா பட்டம்னு எனக்குத் தெரியாது. அச்சாபீஸே அவுர்துதானே, எப்டி வேணுமோ போட்டுக்கட்டும்னு நடுவால எடம் வுட்டுக் குடுத்தேன். வெரல் அகலம்! இன்னா பண்ணாரு தெரியுமா? எடத்தயே மூடிட்டாரு. ஒரு வார்த்த கேக்கல. கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்தில குந்திக்கினு, மூஞ்ச தூக்கி வச்சிக்கினு... பேஜாரா பூடுச்சிப்பா. என் வீட்டுக்காரிகிட்ட கூட சொல்லல."

"நீங்க கேட்டிருக்கலாம் இல்ல சார்?"

"நான் எதுக்குக் கேக்கணும்?"

அரிசி களையும் சத்தம். போய்விட்டார்கள். வந்த வேலை எனக்கு நின்றே போயிற்று. கால் மரத்து, அட்டை மூன்று ஏறி, அரைமணி நேரம் அங்கேயே.

அந்த விரல் அகலம் எனக்கு. அதை மூடியவன் நான்.

நியாயமாகப் பார்த்தால் மனசு லேசாகவேண்டும். ஆகவில்லை. பதினாறு மாதமாக ஊட்டி வளர்த்த கோபம் இது. அதன் காரணத்தை இந்த ஆள் இரண்டு நிமிஷத்தில் அரிசித் தண்ணீரோடு ஏரியில் கொட்டிவிட்டான். இனி இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? கேட்காதது நான் மட்டுமா, அவனும்தானே? ஓட்டை டெண்ட் வேண்டுமென்றே கொடுத்ததுதானே? இந்த ஒன்று நிற்கும். இதைப் பிடித்துக்கொள்கிறேன்.

உறையை எரித்துவிட நினைத்தேன். அடுப்பைச் சுற்றி அக்காவும் தங்கச்சியும். நாளைக்குப் பார்ப்போம்.

மே 16, வெள்ளி. பேரிஜம்.

பார்க்க விடவில்லை. தட்டுச் சத்தத்துக்கு எழுந்து, பல் துலக்கிவிட்டு வந்தால், சரோ குளித்து, பட்டுப்புடவை கட்டி (காட்டில்!), தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் உறை. நான்கு மூலையிலும் மஞ்சள். "பத்தரைக்கு ராகு காலம். நீங்கதானே ஏரிக்கரையில குடுக்கணும்னு சொன்னீங்க? வாங்க."

"ஊருக்குப் போய்க் குடுக்கலாமே."

"வெளையாடறீங்களா? அக்கா, மாமா, கிழக்கப் பாத்து நில்லுங்க."

காமாட்சி அக்கா தலையில் கோடாலி முடிச்சு, அதில் எங்கிருந்தோ பறித்த காட்டுப் பூ. சகலை அரை டிராயருக்கு மேல் துண்டைக் கட்டி மரியாதை பண்ணிக்கொண்டான். கண்ணில் ஒத்திக்கொண்டு உறையைக் கிழித்தான். கண்ணாடி. படித்தான். மேலிருந்து கீழ். துடைத்தான். கீழிருந்து மேல்.

பதினாறு மாதமாக நான் ஆசைப்பட்ட காட்சி. அப்படியே, நான் நினைத்தபடியே. பார்க்க முடியவில்லை. ஏரியைப் பார்த்தேன்.

"இன்னா மாமா, நல்லா அடிச்சிருக்காரா?" சரோ எட்டிப் பார்த்தாள். அவளும் பட்டியலைப் படித்தாள். அவள் முகம் மாறியது. அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தட்டு சாய்ந்து ஒரு பாக்கு உருண்டு தண்ணீரில் விழுந்தது.

வாய் தானாகத் திறந்தது. "உங்க பேர நான் எப்டி சகல போடறது? பி.எஸ்ஸி.யா, பி.டி.யா, சாரணரா, எத முன்னால போடணும்னு எனக்கு இன்னா தெரியும்? அதான் உங்களுக்குன்னு எடம் வுட்டு, இந்த ஒரு காப்பிய மட்டும் புரூஃபா எடுத்தாந்தேன். நீங்களே எழுதுங்க."

இடமா? பட்டியலில் எறும்பு நுழைய இடமில்லை.

சகலை என்னைப் பார்த்தான். மெதுவாகத் திரும்பிக் கரையோரப் புதரைப் பார்த்தான். மறுபடி என்னை. என் காலில் அட்டை கடித்த மூன்று காயத்தையும்.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா. பரீட்சைத் தாள் திருத்துகிற பேனா. பிள்ளையார் சுழிக்குக் கீழே, என் பெயருக்கும் மேலே, நீட்டி எழுதினான், பட்டங்களோடு. பட்டங்கள் மார்ஜின் தாண்டி மறுபக்கம் போயின.

"இந்தா, திருத்திட்டேன். நான் வுட்டது வெரல் அகலம்யா. நீ வுட்டது மயிரிழை."

காமாட்சி அக்கா சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, நல்லவேளை. சரோ சிரிக்கவில்லை.

மே 17, சனி. திரும்பும் வழி.

சரோ பின் சீட்டுக்கு, அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். திருச்சியில் டீ குடிக்க இறங்கியபோது, தனியாக: "எங்க அக்காவ என்கிட்டேர்ந்து அறுக்கப் பாத்தீங்க. இத நீங்க உயிரோட இருக்கற வரைக்கும் நான் சொல்லிக்காட்டுவேன்."

சொல்லிக்காட்டுவாள். செய்யக்கூடியவள்.

சகலை முன் சீட்டில் குண்டில்லாத விசிலை ஊதிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு ஊதலுக்கும் திரும்பி என்னைப் பார்த்து ஒரு புன்னகை. விசிலையும் கண்டுபிடித்துவிட்டானா?

வி.புரத்தில் இறங்கும்போது: "பத்திரிக்க ஜல்தி அனுப்பு. பேரு மேலயே இருக்கணும். பட்டத்த மறந்துடாத."

மே 18, ஞாயிறு. தி.வனம்.

வெயில் அப்படியே. மிச்சப் பத்திரிகையெல்லாம் கட்டுக் கட்டாக மூலையில். சரோ புரட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டாள். தினம் வெந்நீர் போடும்போது பத்து பத்தாக எரிப்பாளாம். அறுபது நாள். சொல்லிக்காட்டுதல் ஆரம்பம்.

முன்னால் சகலையின் சிவப்புப் பேனாப் பிரதி. எழுத்துப் பெட்டி சுடுகிறது. கோத்தேன். பிள்ளையார் சுழி. அதன் கீழே, என் பெயருக்கு மேலே, அவன் கேட்ட இடத்தில், எல்லாரையும்விடப் பெரிய எழுத்தில், தணிகாசலம் அவர்கள். பக்கத்திலேயே காமாட்சி அம்மாள், அது சரோவுக்காக. குறை சொல்ல முடியாது யாரும்.

பி.எஸ்ஸி., பி.டி. போடவில்லை. கேட்டால் இடம் இல்லை என்பேன்.

இடம் இருக்கிறது. வைத்து அளந்தேன். விரல் அகலம்.