சுகுணாவின் கூப்பன் புத்தகம்

செப்டெம்பர் 12, ஞாயிறு

கொளுத்தும் வெயில். கிணற்றில் ஒரு முழத் தண்ணீர். அதிலும் சுகுணாவுக்கு இரண்டு வாளி கூடுதல். அவள் கம்பஸுக்குப் போகிறவள். நான் போகாதவள்.

விடுதியிலிருந்து அவளுக்கு வந்த பட்டியல்:

தலையணை 1
படுக்கை விரிப்பு 2
நுளம்பு வலை
மூடியுள்ள வாளி
கம்பளிச் சட்டை (கண்டிக் குளிராம்)
குடை
அரிசிக் கூப்பன் புத்தகம்
எல்லா உடுப்பிலும் பெயர் தைத்திருக்க வேண்டும்.

தைப்பது நான். சிவப்பு நூல். "நீ சும்மாதானே இருக்கிறாய், தைச்சுக் குடன்." அம்மாவின் கதை.

பின்னொரு காலம் மறந்துபோய் இவளை எனக்குப் பிடித்துத் தொலைக்கும். ஆகவே எழுதி வைக்கிறேன். சு. அப்பாவின் தங்கை மகள். யாழ்ப்பாணம். சோதனைக்கு ஆறு கிழமை இருக்கும்போதுதான் பெட்டியோடு இங்கே, திருகோணமலையில், வந்து இறங்கினாள். கடதாசியில் மட்டும் இரண்டு வருடமாக எங்கள் வீட்டுப் பிள்ளை. அவள் எடுத்த புள்ளி யாழ்ப்பாணத்திலிருந்து கம்பஸுக்குப் போகக் காணாது. திருகோணமலைக்கென்று ஒதுக்கிய இடங்களுக்குக் காணும். அதற்காக அப்பா சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தார். துறைமுகக் கந்தோரில் கிளாக்கர், ஒரு கமா பிசகினாலும் கடதாசியைக் கிழித்துத் திரும்ப எழுதுகிற மனிதர். மாமி வந்து குசினி வாசலில் நின்று மூக்கைச் சீறினா. அவ்வளவுதான், கையெழுத்து விழுந்துவிட்டது.

"ரெண்டு பேருக்கும் கிடைக்கும், யோசியாத" என்றார் என்னிடம். ஒருத்திக்குத்தான் கிடைத்தது.

ஐந்து உள்பாவாடைக்குப் பெயர் தைத்து முடிந்தது. கோணல்.

செப்டெம்பர் 13, திங்கள்

காற்றில்லை. மாக் கப்பல் வந்து மூன்று நாளாகிறதாம், இறக்க ஆளில்லையாம். பாண் வரிசையில் ஒரு மணித்தியாலம்.

பஸ் நிலையத்தில் தாவரவியல் சேர். கம்பஸுக்கு எடுபட்டவர்களின் பட்டியலைப் பார்த்திருக்கிறார்.

"கடைசிப் பேருக்கு அடுத்த பேர் உன்ர. மூண்டு புள்ளி. அந்தக் கடைசிப் பிள்ளை ஆர்? எங்கட பள்ளிக்கூடங்கள் ஒண்டிலயும் காணேல்லையே."

"என்ர மச்சாள், சேர்."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வெயிலுக்குத்தான் விரித்தார், ஆனாலும் எனக்கு முகத்தை மறைத்தது போலிருந்தது.

மூன்றே மூன்று தரம்தான் சோதனை எழுதலாம். எனக்கு இது மூன்றாவது. நாலாவது கிடையாது.

எனக்கு அம்மா வைத்திருக்கும் ஏற்பாடு: ஓவசியர் ஒருவர், பாலையூற்றில் கல்வீடு, முப்பத்தாறு வயது, முன்பல் இரண்டு கட்டினது. "பல்லோடயா குடும்பம் நடத்தப்போறாய்" என்று அம்மா கேட்கிறா. மனிதரைப் பார்த்தேன். நல்லவர்தான். அதுதான் இன்னும் பயமாயிருக்கிறது.

செப்டெம்பர் 15, புதன்

சு.வுக்கு றாகிங் பயம். என்னிடம் கேட்டாள். அள்ளி வைத்தேன். தவளை தின்னச் சொல்வார்கள், கூந்தலை வெட்டி ஆற்றில் எறிவார்கள், ஒரு பிள்ளைக்குப் பேச்சே நின்றுவிட்டது. மத்தியானம் சோறு இறங்கவில்லை அவளுக்கு. எனக்கு நன்றாக இறங்கியது. கீரிமீன் பொரியல்.

விடுதியில் கரண்டியால் சாப்பிட வேண்டுமாம். அதையும் பழக்கினேன். முள்ளுக்கரண்டி வலக்கை, மற்றது இடக்கை. பாவம், அரை மணித்தியாலம் இடியப்பத்தோடு மல்லுக்கட்டினாள்.

சாப்பிட்டு எழும்பும்போது சொல்கிறாள்: "நீங்களும் வந்திருந்தா எவ்வளவு நல்லம், வசந்தி மச்சாள்." மனதாரத்தான் சொன்னாள். அந்த வசனத்துக்கு மட்டும் நான் அவளை மன்னிக்க மாட்டேன்.

பின்னேரம் கூப்பன் புத்தகத்துக்கு உறை போடச் சொல்லித் தந்தாள். திறந்தேன். முதற்பக்கத்தில் யாழ்ப்பாணத்துச் சங்கக்கடையின் முத்திரை. கிழமைக்குக் கிழமை வெட்டியிருக்கிறது. ஒரு கிழமை தப்பவில்லை. பதிவை இங்கே மாற்றவேயில்லை. மாற்றினால் அந்த இலவசக் கொத்தரிசி எங்கள் உலைக்கல்லவா வந்துவிடும். மாமி பிள்ளையைத் தந்தா, அரிசியைத் தரவில்லை.

ஆக, கடதாசியில் இரண்டு வருடம் திருகோணமலையில் இருந்தவள் இரண்டு வருடமும் யாழ்ப்பாணத்தில் சோறு தின்றிருக்கிறாள். அப்பா பார்க்கவில்லை. அம்மா பார்க்கவில்லை. இது இங்கே ஒருவருக்கும் தெரியாது.

உறை போட்டேன். பிறவுண் கடதாசி. அலுமாரி மேல்தட்டில் வைத்தேன்.

செப்டெம்பர் 18, சனி

கடல் எண்ணெய் போலக் கிடந்தது. கட்டைபறிச்சானில் கூட்டாளி ஒருத்தி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூதூர் லாஞ்சில் ஏறினேன். மூதூர்த் தபால் கந்தோர் வரைக்கும்தான் போனேன்.

கம்பஸ் பதிவாளருக்கு மொட்டைப் பெட்டிசம், ஒரு பக்கம். இடக்கையால் எழுதினது. 'மேற்படி மாணவி இம்மாவட்டத்தில் வசித்தவர் அல்லர். அவரது அரிசிக் கூப்பன் புத்தகத்தைப் பார்வையிட்டால் உண்மை புலப்படும். இப்படிக்கு, உண்மை விளம்பி.' எங்கள் ஊரில் உண்மை விளம்பிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கந்தோரிலும் கட்டுக்கட்டாக இருக்குமாம், அப்பாவே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அப்பாவின் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டால் அவருக்கு ஒன்றும் வராது என்று லாஞ்சில் நினைத்தேன். முத்திரையை நக்கும்போது, வரும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் ஒட்டினேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, இது என் கொப்பி.

திரும்பும்போது பக்கத்தில் கோழிக்கூடையோடு ஒரு மனுசி. "ஆரின்ர கலியாணத்துக்குப் பிள்ளை போய் வாறாய்? முகம் வெளிச்சமாக் கிடக்கு."

ஒரு கூட்டாளியின் அக்காவுக்கு என்றேன்.

செப்டெம்பர் 25, சனி

ஒன்றும் நடக்கவில்லை. புழுக்கம். சு.வுக்குப் புதுத் தகரப் பெட்டி, நீலம். அம்மா அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தா. என் சோதனைப் பேனைக்கு மூன்று தரமும் வைக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்: "சொந்தப் பெட்டை குந்தியிருக்க, தங்கச்சின்ர பெட்டைக்குப் பெட்டி வாங்கிறார்." கிணற்றுக்கட்டில் நின்று முழுவதையும் கேட்டேன். கனகாலத்துக்குப் பிறகு ஒரு நல்ல கதை.

சட்டைகள் 6, துவாய் 2, தலையணை உறை 2. இப்போது நேராகத் தைக்கிறேன். அவளுக்கு உதவாது என்று தெரிந்த பிறகு கை நன்றாக ஓடுகிறது.

ஒக்டோபர் 6, புதன்

காலையில் இடி, மழையில்லை. பத்து மணிக்கு ஜீப். விசாரணை உத்தியோகத்தர் ஒருவர். தமிழர், கண்ணாடி, வியர்வைத் துண்டு. அப்பாவையும் கந்தோரிலிருந்து கூட்டிக்கொண்டே வந்திருந்தார்.

கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, எல்லாம் மரியாதையாகத்தான் தொடங்கியது. பிறகு அந்தச் சத்தியக் கடதாசியை எடுத்து நீட்டினார்.

"இது உங்கட கையெழுத்தோ?"

"ஓம். என்ர கையெழுத்துத்தான்."

"ரெண்டு வருசம் இந்தப் பிள்ளை இஞ்ச இருந்தது?"

அப்பா சு.வைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "ஓம்."

"அப்ப கூப்பன் புத்தகத்தைக் காட்டுங்கோ, ஐயா. அதோட என்ர வேலை முடியுது."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. அம்மா அந்த விசயத்தில் கெட்டிக்காரி. "அது துலைஞ்சு போச்சு. தேடாத இடமில்லை" என்று சொன்னா. சு. வாயைத் திறக்கப்போனாள், அம்மா காலை மிதித்தா. நான் பார்த்தேன். உத்தியோகத்தர் பேனையை மூடினார். துலைஞ்சதென்று எழுதிக்கொண்டு போகிற ஆள்தான் அவர், முகத்தில் தெரிந்தது. போய்விட்டால் எல்லாம் முடிந்தது. ஓவசியர், கல்வீடு, பல்.

"துலையேல்லை அம்மா" என்றேன். "அலுமாரிக்குள்ள கிடக்கு. நான்தானே உறை போட்டனான்."

எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவ்வளவு நேரமும் அப்பா புத்தகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபம் என்றால் எனக்குத் தாங்கும். அது கோபமில்லை. கூட்டல் பிழைக்கிற கணக்கை எங்கே பிழைத்தது என்று தேடுகிறபோது அப்படித்தான் பார்ப்பார்.

ஒக்டோபர் 7, வியாழன்

நேற்றுப் பின்னேரமே பெட்டிசத்தின் கதையும் வந்துவிட்டது. மூதூர் முத்திரையாம். கடைத்தெருவில் ஜெஸீமாவைச் சொல்கிறார்கள். மூதூரில் இருந்து எங்களோடு படித்தவள், அவளுக்கும் கிடைக்கவில்லை. போன வருடம் எனக்கு விலங்கியல் நோட்ஸ் முழுவதும் கொப்பி பண்ணித் தந்தவள். வீட்டில் யாரும் ஜெஸீமாவைச் சொல்லவில்லை.

காலை யாழ்ப்பாண பஸ்ஸில் சு. போனாள். நீலப் பெட்டி. அழுது முகம் வீங்கி, இன்னும் அவலட்சணம். படலையில் நின்று என்னிடம் திரும்பினாள். ஏசப்போகிறாள் என்று ஆயத்தமாக நின்றேன்.

"முள்ளுக்கரண்டி இடக்கை மச்சாள். எனக்குத் தெரியும். நீங்கள் ஆசையாச் சொல்லித் தந்தீங்கள், அதுதான் பேசாம இருந்தனான்."

பஸ் போனபிறகும் கனநேரம் அங்கேயே நின்றேன். வெட்கம். வேறு சொல் தேடினேன், இல்லை.

ஒக்டோபர் 21, வியாழன்

மழை. வீட்டில் நாலு இடத்தில் ஒழுகுகிறது.

அப்பாவுக்குக் கடிதம். பொய்ச் சத்தியம், விசாரணை முடியும்வரை வேலை இடைநிறுத்தம். அரைச் சம்பளமும் இல்லை. துறைமுகத்துச் சங்கு ஊதும்போது இன்னும் எழும்பிச் சவரம் எடுக்கிறார், வெள்ளைச் சேர்ட் போடுகிறார். பிறகு விறாந்தைக் கதிரையில் இருந்து பழைய பேப்பர் படிக்கிறார்.

அம்மா பதினைந்து நாளாக என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைக்கிற சத்தம்தான். ஓவசியர் வீட்டிலிருந்து ஆள் வந்து, இந்த வீட்டில் இனிச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிப் போனது. அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை, பூனையிடம் சொன்னா.

நவம்பர் 6, சனி

வந்துவிட்டது. கம்பஸிலிருந்து பிறவுண் உறை, என் பெயர், தட்டெழுத்தில். திங்கட்கிழமை சமூகமளிக்க வேண்டும்.

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தரம் துள்ளினேன். யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பரவாயில்லை. மூன்று புள்ளி. நான் திருடவில்லை, எனக்குரியதைத்தான் எடுத்தேன். இதைப் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன், ஏழாம் தரம் வரைக்கும் சரியாயிருந்தது.

நவம்பர் 7, ஞாயிறு

மழை விட்டு வெளித்தது. விடுதிப் படிவத்தோடு அப்பாவிடம் போனேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் முன்னால் நிற்கிறேன். கதிரையை மேசையடிக்கு இழுத்து இருந்தார், கந்தோரில் இருக்கிற மாதிரி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பெயர், பிறந்த திகதி, சமயம், அம்மை ஊசி போட்ட திகதி. எல்லாம் அவரே நிரப்பினார். என்னைக் கேட்கவில்லை, எல்லாம் அவருக்கு மனப்பாடம். பெற்றார் ஒப்பமும் வைத்தார்.

கடைசிப் பக்கம். 'விடுதியில் மாணவியை வந்து பார்ப்போர் விபரம். பெயர், உறவுமுறை.' நாலு கோடு.

அடிமட்டத்தை வைத்து நாலு கோட்டுக்கும் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கீறு கீறினார்.

"அப்பா, உங்கட பேரையாவது எழுதுங்கோ. ஒரு பேரும் இல்லையெண்டா என்ன நினைப்பினம்."

"நான் வரமாட்டன், பிள்ளை" என்றார். குரல் உயரவில்லை. "வருவன் எண்டு எழுதினா அது பொய். இனிக் கடதாசியில பொய் எழுத எனக்கு ஏலாது."

மை காய ஊதினார். மூன்றாக மடித்து உறையில் போட்டு, விலாசம் எழுதி, என் கையில் தந்தார். பிறகு ரேடியோவில் செய்தி கேட்கப் போனார்.