வெள்ளிக்கிழமை வெட்டிய வரம்பு

குச்சவெளி
வியாழக்கிழமை

அன்பு மகன் நிப்றாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கச்சி பஹ்மியாவும் அவளுடைய கைப்பிள்ளையும் இன்று வரைக்கும் சுகம், நாளைக்கு என்னவென்று மழைதான் சொல்ல வேண்டும். கத்தாரில் நீ நலமாக இருக்க துஆச் செய்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே கதைப்பாய், அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், முழுவதையும் வாசி.

மரம் நடும் வேலைக்குப் பொறுப்பான உன் கூட்டாளி நஸ்ரி உனக்குச் சொன்னது பாதிக் கதை. ஓம், கல்குவாரிக் கழிவு மேட்டில் நாங்கள் நட்ட வேப்பங்கன்றுகளில் முப்பதைப் பிடுங்கியது நான்தான். அவற்றை நட்டபோது கயிறு பிடித்தவளும் நான்தான். றோட்டிலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு வரிசை நேராகத் தெரிய வேண்டுமென்று மேலிருந்து கீழே கயிறு கட்டச் சொன்னான் நஸ்ரி, கட்டினோம். வெயில் காலத்தில் பவுசர் வண்டித் தண்ணீரை உச்சியில் ஊற்றினால் அது வரிசை வழியே ஓடி அடியில் நின்றது. வரிசைகளின் அடிப்பக்கம் மட்டும் பச்சை. அதிகாரி வாகனத்தை விட்டு இறங்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மேலே எல்லாம் கருகல். போன கிழமை புதன் முக்கால் மணி நேர மழைக்கே அந்த வரிசைகள் வாய்க்காலாகி, சேறும் சல்லிக்கல்லும் மேட்டடியில் இருக்கும் பஹ்மியாவின் குசினிக்குள் அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் மாரி தொடங்கவே இல்லை.

நஸ்ரியிடம் குறுக்கே வரம்பு போடுவோம், தண்ணீர் நின்று ஊறட்டும், மிச்சத்தைக் கல் பதித்த கான் வெட்டிப் பழைய கல் தோண்டிய கிடங்குக்கு விடுவோம் என்றேன். “மாமி, நீங்க வேப்பங்கண்டைப் பாருங்க, தண்ணிய நாங்க பாக்கிறம்” என்றான். பார்த்த இலட்சணத்தைத்தான் குசினியில் அள்ளிக் கொட்டினோம். அதனால் போன வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் போன நேரம், நாங்கள் ஆறு பெண்கள் மண்வெட்டியோடு ஏறினோம். கூட வந்த றுஷ்தா “தொழுது முடியுமுன்ன முடிச்சிரோணும் புள்ளைகள்” என்று சிரித்தாள். வழியில் நின்ற அந்த முப்பது கன்றையும் நான் பிடுங்கப் பிடுங்க அவர்கள் வெட்ட, இரண்டு வரம்பு முடிந்தது. மூன்றாவது, பஹ்மியாவின் வீட்டுக்கு நேர் மேலே வர வேண்டியது, அரைவாசிதான்.

திங்கள் பெய்த மழை அந்த இரண்டு வரம்பிலும் தேங்கி நின்று ஊறியது, திறந்திருந்த பக்கத்தால் மட்டும் சேறு வந்தது. அதைப் பார்த்த பிறகும் நஸ்ரி என்னை வேலையால் நிறுத்தி, மேட்டுக்குப் போகும் கேற்றைப் பூட்டி வைத்திருக்கிறான். தெரியாமல் செய்த பிழை என்று எழுதித் தந்தால் வேலை திரும்பத் தருவானாம். நீயும் எழுதிக் கொடுக்கச் சொல்கிறாய். எனக்கு ஏலாது. தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்தது கயிறு பிடித்ததைத்தான்.

அவன் உன் கூட்டாளி, நீ சொன்னால் கேட்பான், கேற்றைத் திறக்கச் சொல். பஹ்மியாவை என் வீட்டுக்கு வரச் சொன்னால் வீட்டைப் போட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாள். வானம் இப்போதே கறுத்துக் கிடக்கிறது. நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நாளை ஜும்ஆ நேரம் வேலியால் ஏறிப் போவோம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான நெஞ்சையும் தரட்டும். வயிற்று மருந்தை விடாதே. நாளை பகல் போன் எடுக்காதே, கையில் மண்வெட்டி இருக்கும்.

உன் உம்மா,
லைலா