இல்லையென்று சொல்லாத ராத்தாவுக்கு

என் ராத்தா, உனக்கு உன் தங்கச்சியின் ஸலாம்.

உம்மா சுகமாக இருக்கிறா. முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. எண்ணெய் தேய்க்கப் போனால், "அவள்ட கை மாதிரி இல்ல" என்று என் கையைத் தட்டிவிடுகிறா. நீ சனத்தின் மனக்கவலை கேட்டுக்கொண்டிருந்த அந்த அறைக்கு இப்போது வியாழக்கிழமைகளில் மட்டக்களப்பிலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள். வந்த முதல் நாளே ஆட்கள் கண்ணில் படாமல் வந்துபோகிற அந்த ஒழுங்கைச் சந்துக் கதவின் பிணைச்சலுக்கு எண்ணெய் போட்டாளாம், சத்தம் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று. கேட்டதும் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நீ படித்த படிப்பைத்தான் அவளும் படித்திருக்கிறாள்.

உளவியலாளர் என்ற சொல் கல்முனைக்கு வாயில் நுழையவில்லை. 'மனசு டொக்டர்' என்றார்கள். நீ ஒவ்வொரு தடவையும் நின்று திருத்துவாய். "நான் டொக்டர் இல்ல. குளிசை தரமாட்டன். குளிசை தேவையெண்டா ஆஸ்பத்திரிக்கி அனுப்புவன்." ஊர் தானாகக் கொடுத்த பட்டத்தை நடு ரோட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தவள் நீ ஒருத்திதான்.

அதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. ஸலாம் விஷயத்தைத்தான் பொறுக்கவில்லை. சந்தையில், பஸ்ஸில், கலியாண வீட்டில், எங்கே யாரைக் கண்டாலும் நீ முந்தி ஸலாம் சொல்வதில்லை. அவர்கள் சொன்னால் பதிலை வாய் நிறையச் சொல்வாய். சொல்லாவிட்டால் பேசாமல் போய்விடுவாய். முந்திச் சொல்பவருக்குத்தான் நன்மை அதிகம் என்று ஓதிக்கொடுத்த ஊரில் இது சின்னக் குற்றமா? "படிச்சதும் பெரும வந்திட்டு" என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து உம்மா அழுதா.

நான் கேட்டபோது ஒரே ஒருமுறை விளக்கினாய். "அறைக்கு வந்தவங்களுக்கு நான் முந்தி ஸலாம் செல்லப் போனா, பக்கத்தில நிக்கிறவங்க 'அவவ ஒனக்கு எப்படித் தெரியும்' எண்டு கேப்பாங்க. வராதவங்களுக்கு மட்டும் செல்லித்திரிஞ்சா, வந்தவங்க யாரெண்டு ஊரே கண்டுபிடிச்சிரும்." பிறகு கத்தரிக்காய் வெட்டப் போய்விட்டாய். எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. என் தலையிலேயே வந்து விழும் என்று யாருக்குத் தெரியும்?

என் கலியாணப் பேச்சைத்தான் சொல்கிறேன். மாப்பிள்ளை வீடு எந்த ஊர் என்று எழுதமாட்டேன், மாப்பிள்ளையின் உத்தியோகத்தையும் எழுதமாட்டேன். எனக்குப் பேசி வந்த இடங்கள் ஒன்றா இரண்டா? யாரும் கண்டுபிடிக்க ஏலாது. உன் தங்கச்சியாக இருந்து இவ்வளவாவது படிக்காவிட்டால் எப்படி?

எல்லாம் பேசி முடிந்து நாள் குறிக்கிற கட்டத்தில் மாப்பிள்ளையின் தாய் தனியாக வந்தா. உம்மா தேத்தண்ணி கொடுத்தா. அந்த மாமி கோப்பையைத் தொடவில்லை, உன்னைத்தான் பார்த்தா. நான் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மகள், நான் நேராக் கேக்கன், கோவிச்சிராதீங்க. ஒங்கட தங்கச்சி ஒவ்வொரு நாளும் அந்த அறைக்குப் போய் வாறாவாமே. புள்ளைக்கு மனசுல ஏதும் வருத்தமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது ராத்தா. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வரும் வழியில் உனக்குப் பகல் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தேன். அவ்வளவுதான். உம்மா உடனே சொன்னா, "அல்லாவே, அவள் சோறு குடுக்கப் போறவள்!"

"நீங்க பெத்தவ, அப்படித்தான் செல்லுவீங்க. இந்த மகள் ஒரு சொல்லுச் செல்லட்டும், எனக்குப் போதும்."

நீ சொன்னாய்: "மாமி, அந்த அறைக்கு யார் வாற, யார் வாறல்ல எண்டு நான் யாருக்கும் செல்றல்ல. என்ட தங்கச்சியா இரிந்தாலும் அதுதான்."

தேத்தண்ணி ஆறிப்போனது. மாமி எழுந்து செருப்பைத் தேடினா. அந்த வாரமே பேச்சு முறிந்தது.

மாமி போனதும் நான் திரையைக் கிழிக்காத குறையாக வெளியே வந்தேன். "இல்லண்டு ஒரு சொல்லு! நான் ஒன்னிட்ட வரவே இல்லையே! நான் ஒன்னப் பொய்யா செல்லச் சொன்னன்?"

"இண்டைக்கு ஒனக்கு இல்லண்டு செல்றன். நாளைக்கு இன்னொரு புள்ளயப் பத்திக் கேட்டு ஒரு மாமி வருவா. அவள் மெய்யா வந்தவளா இரிந்தா? அப்ப நான் வாய மூடினா, வந்தவள்தான் எண்டு மாமிக்கு விளங்கிரும்."

"அப்ப யாரோ ஒருத்திக்காக என்ட வாழ்க்க போகட்டும், என்ன?"

"ஓம்" என்றாய். அழுதுகொண்டு சொன்னாய். அழுதாலும் 'ஓம்' என்றுதான் சொன்னாய். உன்னைப்போல நெஞ்சழுத்தக்காரி இந்தக் கரையில் உண்டா?

எனக்கு அந்தக் கோபம் லேசில் ஆறவில்லை. உனக்குச் சோறு கொண்டுபோவதை நிறுத்தினேன். நீ உம்மா கட்டித் தந்ததைக் காலையிலேயே எடுத்துப்போய் ஆறின சோறு சாப்பிட்டாய், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நாளை நினைக்கும்போது கொஞ்சம் கோபம் இன்னும் வரத்தான் செய்கிறது. அதற்காக நீ கனவில் வந்து கோவிக்காதே.

மாதம் ஒருமுறை நீ மட்டக்களப்புக்குப் போய் வந்தது ஞாபகமிருக்கிறதா? எத்தனை செக்பொயின்ட், எத்தனை இடத்தில் இறங்கி நடை. அங்கே இருந்த மூத்த உளவியலாளர் அம்மாவிடம் உன் வேலையைச் சொல்லிக் கேட்டு வருவாயாம். "படிச்ச ஒனக்கே ஒராள் வேணுமா?" என்று நான் நக்கலடித்தேன். "நான் பிழை விட்டா எனக்குத் தெரியாது. அவவுக்குத் தெரியும்" என்றாய். அங்கேயும் நீ யாருடைய பேரையும் சொல்வதில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் கலியாணம் முறிந்ததையும் அந்த அம்மாவிடம் சொன்னாயா? என்ன சொன்னா அவ? கேட்காமலே விட்டுவிட்டேன்.

பிறகு எனக்கும் ஒரு மாப்பிள்ளை வந்தார், பாலமுனையிலிருந்து. அறையைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. உனக்குத்தான் அவரை மிகவும் பிடித்திருந்தது, அதற்குக் காரணமும் எனக்குத் தெரியும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ கண்மூடின அன்றைக்கு, உன் மௌத்து வீட்டுக்கு அந்த மாமி வந்தா. உன் முகத்தைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து பக்கத்தில் இருந்தா. எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. எழும்பிப் போகலாமென்று பார்த்தேன், கையைப் பிடித்துக்கொண்டா.

"அண்டைக்கு ஒங்கட வீட்ட விட்டுப் போனதுல இரிந்து எனக்கு ஒரே யோசின புள்ள. சொந்தத் தங்கச்சிட கலியாணத்துக்கே வாய் திறக்காதவள், என்ட கதய யாருக்குச் செல்லப்போறாள்? பெருநாள் கழிச்சி, ஒழுங்கைக் கதவால நான் போனன்."

ராத்தா, அவ உன்னிடம் வந்திருக்கிறா! நாம் ஒரே வீட்டில் உண்டு உறங்கிய அத்தனை காலமும் நீ வாய் திறக்கவில்லை. என் பேச்சை முறித்துப்போட்ட மனுஷி உன் முன்னால் இருந்து அழுதுவிட்டுப் போக, நீ வீட்டுக்கு வந்து என்னோடு கறிக்கு உப்புக் காணாதென்று சண்டை பிடித்திருக்கிறாய்.

அவ உன்னிடம் எதைச் சொன்னா என்பதை எனக்கும் சொன்னா. இங்கே எழுதமாட்டேன். காணாமல் போன ஒரு மகன் என்பது மட்டும் போதும். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு இந்தக் கரையில் அப்படி எத்தனையோ தாய்மார்; அதை வைத்து யாரென்று கண்டுபிடிக்க ஏலாது. "நான் இப்ப நித்திரை கொள்றன் புள்ள" என்றா. எழுதலாமா என்று கேட்டேன். "பேரயும் போடு, எனக்கென்ன பயம்" என்றா. பேரைப் போடவில்லை. நீ போடமாட்டாய் என்பதால் நானும் போடவில்லை.

அன்றைக்குக் கண்ணீரும் பெருமையும் ஒன்றாக வந்து என்னைத் திணறடித்தன. என் ராத்தா, என் ராத்தா என்று அந்தச் சனத்துக்கு நடுவே எழும்பிக் கத்தவேண்டும்போல் இருந்தது. ஏனென்று கேட்பார்களே என்று, உன்னை நினைத்துக் கத்தாமல் இருந்தேன்.

போன கிழமை என் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் மெல்லக் கேட்டா. "நீயும் ஒன்ட ராத்தாட்ட மனசு வருத்தத்துக்குக் காட்டினாயாமே, மெய்யா?"

நான் சிரித்துவிட்டுப் பாடம் எடுக்கப் போய்விட்டேன். இனியும் அப்படித்தான். யார் வந்து கேட்டாலும், என் மகளுக்கே நாளைக்கு மாப்பிள்ளை பேசி வந்து கேட்டாலும், நான் உன்னிடம் வரவில்லை என்று என் வாயால் சொல்லமாட்டேன். உன்னிடம் வந்தவர்களுக்கு நடுவே நானும் ஒருத்தியாக நின்றுகொள்கிறேன்.

அந்த அறைக்கு வந்தவளோ வராதவளோ,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
நஸீரா