ஆளில்லாக் கப்பலில் ஒரு பண்டாரி

கோவளம்,
செவ்வாய்க்கிழமை.

பிரியமுள்ள மச்சானுக்கு, உங்கள் சம்சாத்தின் சலாம். நானும் மகள் ருக்சானாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் எழுதுவீர்கள்.

எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நான் நாலாவது. பத்தாவது படித்த நீங்கள்தான் என்னிடம் மாட்டிக்கொண்டீர்கள்.

உங்களோடு வேலை செய்யும் மோசஸ் ஞாயிறன்று இங்கே சாப்பிட்டார். "ராக்கெட் இறங்கும் கப்பலில் ஆளே கிடையாது, தூரத்தில் நிற்கும் கப்பலில் நான் பண்டாரி, சோறாக்கிப் போடுகிறேன்" என்றீர்களே, அதை நம்பியவள் போல உங்கள் சமையல் எப்படி என்று அவரிடம் கேட்டேன். மனுஷன் முழித்தார். இன்னும் ரெண்டு வஞ்சிரத் துண்டு வைத்தேன். "இன்னா அண்ணி, பாய் எங்க ஆக்குனாரு? ராக்கெட் எறங்குனதும் மொத ஆளா ஏறி, அதும் கால கப்பல் தட்டோட சேத்து வெல்டிங் வெக்கிறதே அவருதான்" என்று கொட்டிவிட்டார்.

எனக்குப் பாதி முன்னமே தெரியும். போன மாதம் வந்தபோது உங்கள் மூன்று சட்டையிலும் பொட்டுப் பொட்டாக ஓட்டை. எண்ணெய் தெறித்தது என்றீர்கள். இருபது வருஷமாக அடுப்படியில் நிற்கிறவளிடமா? எண்ணெய் தெறித்தால் கறை வரும் மச்சான், ஓட்டை வராது. முழங்கைக் கட்டுக்கு ரசம் கொட்டியது என்றீர்கள்.

அந்த வாரம்தான் ராக்கெட் சாய்ந்து எரிந்தது. ருக்சானா பேப்பரைப் படித்துக் காட்டினாள். ஆளில்லாக் கப்பல் என்பதால் யாருக்கும் காயமில்லை என்று போட்டிருந்தது. அப்போ நான் கற்றாழை தடவிய கை யாருடையது? ஆளில்லாக் கப்பலில் ஆள் போய்விட்டால் பேப்பரில் என்ன போடுவார்கள்?

ராக்கெட் இறங்கியதும் மிச்ச எரிபொருள் ஆவியாகிப் போக ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டுமாம், மோசஸ் சொன்னார். கடல் ஆட்டத்தில் ராக்கெட் நழுவிவிடும் என்று நீங்கள் பொறுப்பதில்லையாம். வெள்ளிக்கிழமை அடுத்தது இறங்குகிறதாம். இங்கே காற்றுக்குப் பயந்து படகையெல்லாம் மேட்டில் ஏற்றிவிட்டார்கள்.

வேலையை விடச் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரம் தள்ளி நில்லுங்கள். நழுவினால் நழுவட்டும். கம்பெனி இன்னொன்று செய்துகொள்ளும்.

அங்கே போனுக்கு டவர் கிடைக்காதாம், அதனால் மோசஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். மேலே போன ராக்கெட் பத்திரமாகத் திரும்பி வர எத்தனையோ படித்தவர்கள் பாடுபடுகிறார்கள். போன மனுஷன் திரும்பி வர நான் ஒருத்திதான் துஆ கேட்கிறேன். அல்லாஹ் காவல். பார்த்து ஏறுங்கள் மச்சான்.

சம்சாத் பேகம்