படத்தில் இல்லாத பாதை

என் சின்னக்குட்டிக்கு,

நீ வரைந்து அனுப்பிய மலைப் படத்தைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். தனியாகச் சாப்பிடும்போது பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறதே.

பக்கத்து வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு கையில என்ன அழகுங்க! தினமும் இந்த மலைக்குத்தான் வாக்கிங் போகுதா?" என்று கேட்டார். நீ அப்படித்தானே எழுதியிருந்தாய்? ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் படத்தில் பாதை இல்லையே, தரையே இல்லை. கீழே ஜன்னல் விளிம்பு, அதற்கு மேல் மலையுச்சியும் வானமும் மட்டும். போன தடவை வந்தபோது உன் கட்டிலில்தான் நான் தூங்கினேன். படுத்துக்கொண்டே பார்த்தால்தான் அந்த மலை இப்படித் தெரியும்.

என்ன உடம்புக்கு என்று இப்போது கேட்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். கதவைத் தாழிடாமல் வை. எழுந்து வராதே.

அப்பா